மலையகப் பள்ளிக்கூடத்தில் ஏழு வாரம் தச்சு வேலை: போக நினைக்கிறவர்கள் படிங்க

காங்கயம் பட்டறை
ஞாயிறு, இரவு 9:40

போன வருசம் மே கடைசியில் கிளம்பிப் போய் இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஏழு வாரம் தச்சு வேலை செய்துவிட்டு வந்தேன். சம்பளம் கிடையாது, போக வரச் செலவு என்னுடையது, தங்க இடமும் சாப்பாடும் அவர்கள் கொடுத்தார்கள். அப்போதிருந்து 'நானும் போகலாமா, என்ன கொண்டு போகணும்' என்று இங்கே நாலைந்து பேர் தனியாகக் கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக எழுத எனக்கு நேரம் போதவில்லை, அதனால் எல்லாவற்றையும் இங்கேயே போடுகிறேன். கேள்வி இருந்தாலும் இங்கேயே கேளுங்க.

என்னைத் தெரியாதவர்களுக்கு: அப்பாரு காலத்தில் ஏரும் வண்டியும் செய்த குடும்பம். கருவேலத்தில் வண்டிச் சக்கரத்துக்குக் குடம் கடைந்து, ஆரக்கால் இறக்கி, வட்டை பூட்டுவதை நான் சின்ன வயசில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அப்பா காலத்தில் நிலவும் (கதவு நிலை) ஜன்னலும். என் காலத்தில் வாரத்தில் பாதி நாள் ப்ளைவுட்தான். கை வேலை மறந்துவிடுமோ என்ற பயமும் நான் கிளம்பினதுக்கு ஒரு காரணம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அங்கே போய் இறங்கிய மறுநாள் அதிபர் (ஹெட்மாஸ்டரை அப்படித்தான் சொல்கிறார்கள்) ஒரு அறையைத் திறந்து காட்டினார். அறை முழுக்க ஒடிந்த வாங்கு. பெஞ்சுக்கு அங்கே வாங்கு, நாற்காலிக்குக் கதிரை, இரண்டுமே போர்த்துகீசியர் விட்டுப் போன வார்த்தை. தச்சரைப் 'பாஸ்' என்கிறார்கள். வாங்கும் மேசையுமாக எண்ணிப் பார்த்ததில் 58 இருந்தது. நான் ஊரிலேயே புது மேசைக்கு வரைபடம் போட்டு எடுத்துக் கொண்டு போயிருந்தேன். அந்தப் பள்ளிக்கு அவ்வப்போது வேலை செய்கிற பாஸ், அறுபது வயசுக்கு மேல் இருக்கும், என் வரைபடத்தை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அந்த அறைக்குக் கூட்டிப் போய் ஒவ்வொரு வாங்கையும் குப்புறக் கவிழ்த்துக் காட்டினார். பத்துப் பன்னிரண்டு பார்த்ததும் எனக்கே விளங்கிவிட்டது.

எல்லாம் ஒரே இடத்தில் ஒடிந்திருந்தது. காலும் குறுக்குச் சட்டமும் சேருகிற மூட்டு. கழுந்து (சட்டத்தின் முனையில் செதுக்குகிற நாக்கு) எடுத்துத் துளையில் இறக்காமல், சட்டத்தைக் காலோடு முட்ட வைத்து இரண்டு ஆணி அடித்து விட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் வாங்கைப் பின்னால் சாய்த்து ஆட்டும்போது அந்த இரண்டு ஆணிதான் மொத்தப் பாரத்தையும் தாங்குகிறது. ஈரத்தில் ஆணி துரு ஏறி, ஓட்டை பெருத்து, கடைசியில் சட்டத்தின் முனை பிளந்து போகிறது. மற்றபடி பலகையும் காலும் கல்லு மாதிரி இருந்தது, அதில் பாதிக்கு மேல் பழைய பலா மரம். இழைப்புளியை ஒரு ஓட்டு ஓட்டினால் மேலே இருக்கிற கருத்த தோல் போய் உள்ளே மஞ்சள் பளீரென்று வருகிறது, சாயங்காலம் உள்ளங்கை இரண்டும் மஞ்சள் பூசின மாதிரி இருக்கும். பிக்குகளின் காவித்துணிக்குச் சாயம் எடுத்த மரம் அதுதான்.

வரைபடத்தை அன்றைக்கே பெட்டியில் வைத்துவிட்டேன். மூட்டை மட்டும் சரி பண்ணுவது என்று நானும் பாஸும் முடிவு பண்ணினோம். பிளந்த முனையை அறுத்து எடுத்துவிட்டு, சட்டம் குறைகிற அளவுக்குக் காலை உள்ளே தள்ளி, புதுசாகக் கழுந்து எடுத்து, துளை போட்டு, குறுக்கே மர ஆணி அடித்து இறுக்குவது. ஏழு வாரத்தில் 51 உருப்படி தேறியது. புதுசாகச் செய்தது நாலே நாலு. வெளிநாடு போய்ப் பள்ளிக்கு உதவி செய்யணும் என்று நினைக்கிறவர்களுக்கு நான் சொல்ல வந்ததே இதுதான்: அங்கே ஏற்கெனவே ஒரு தச்சர் இருப்பார், அவருக்குக் கையாளாகப் போங்க. அவருக்குப் பதிலாகப் போகாதீங்க.

---

நொய்யல்கரை
திங்கள், காலை 7:15

அண்ணா, உங்க மனசை மதிக்கிறேன், குறை சொல்வதாக எடுத்துக்காதீங்க. ஆனால் விமான டிக்கெட், விசா, போக்குவரத்து என்று போட்டால் எவ்வளவு ஆகியிருக்கும்? அந்தப் பணத்தை அனுப்பியிருந்தால் அந்தப் பாஸே மூணு மாசம் உட்கார்ந்து எல்லாத்தையும் முடித்திருப்பாரே. அப்புறம் இன்னொன்று. தாளவாடியில், பர்கூர் மலையில், வால்பாறை எஸ்டேட்டில் நம்ம பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் பெஞ்சு எல்லாம் நல்லாவா இருக்கு? கடல் தாண்டிப் போக வேண்டிய அவசியம் என்ன என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. திருப்பூரில் நாங்க நாலு பேர் சேர்ந்து வருசா வருசம் பள்ளிகளுக்கு பிளாஸ்டிக் சேர் வாங்கிக் கொடுக்கிறோம், ஒரே நாளில் வேலை முடிந்துவிடும்.

---

காங்கயம் பட்டறை
திங்கள், மதியம் 1:20

தம்பி, நீங்க கேட்டது நியாயமான கேள்விதான், நானும் கிளம்பும் முன்னாலேயே கேட்டுக் கொண்ட கேள்வி. கணக்கு இதுதான்: எனக்கு ஆன செலவு எவ்வளவோ அதே அளவு பணத்தைத் தனியாக எடுத்து வைத்து, ஏழு வாரமும் பாஸுக்கு அந்த ஊர்த் தச்சுக் கூலி என்னவோ அதைக் குறையாமல் கொடுத்தேன். அது இல்லாமல் போயிருந்தால் நான் செய்தது தப்பு. இலவசமாக ஒருத்தன் வந்து நின்றால் அந்த ஊர்த் தச்சனுக்கு அந்த வருசத்து வேலை போச்சு. நம்ம ஊருக்கு எவனாவது வந்து நாலு மாசம் இலவசமாக நிலவு ஜன்னல் செய்து கொடுத்தால் என் பட்டறை என்ன ஆகும்?

பிளாஸ்டிக் சேர் பற்றி: நல்ல காரியம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கால் ஒடிந்த பிளாஸ்டிக் சேரை என்னாலும் ஒட்ட முடியாது, யாராலும் முடியாது. மர வாங்கை நாற்பது வருசம் கழித்தும் கவிழ்த்துப் போட்டுச் சரி பண்ணலாம். சரி பண்ணத் தெரிந்த கை அந்தப் பள்ளியில் இருந்தால் போதும்.

ஏன் அங்கே போனேன் என்றால், கூப்பிட்டார்கள், போனேன், அவ்வளவுதான். தாளவாடிக்கு யாராவது கூப்பிட்டால் அதுக்கும் வருகிறேன், இங்கேயே சொல்லுங்க.

---

கோத்தகிரி அக்கா
திங்கள், மாலை 6:05

நொய்யல்கரை தம்பிக்கு ஒரு வார்த்தை. 'கடல் தாண்டி' என்று எழுதியிருக்கீங்க. எங்கள் வீட்டுக்கு அந்தக் கடல் அவ்வளவு தூரம் இல்லை. எங்க அப்பா அம்மா இரண்டு பேரும் நுவரெலியா மாவட்டத்துத் தோட்டத்தில் பிறந்தவர்கள். 1964ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆளை எண்ணிப் பிரித்தார்கள், மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974ல் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். எங்க பெரியப்பா குடும்பம் அங்கே, நாங்க இங்கே. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, அப்புறம் நீலகிரி. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968ல் அரசு தேயிலைத் தோட்டம் ஆரம்பித்தார்கள், இன்றைக்கு டான்டீ என்று சொல்கிறார்களே அதுதான். குன்னூர், கோத்தகிரி, கூடலூர், வால்பாறை என்று எங்க ஆட்கள் பரவினது அப்படித்தான். கோயம்புத்தூர், திருப்பூர் மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் இறங்கி வந்தவர்களும் நிறைய.

அம்மா அஞ்சாவது வரைதான் படித்தது. லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடு) பக்கத்தில் ஒரே அறை, ஒரே வாத்தியார், எல்லா வகுப்பும் அதிலேயே. உட்கார வாங்கு கிடையாது, சாக்குதான் என்று அம்மா சொல்லும். அதனால் அண்ணா அங்கே வாங்கும் மேசையுமாக 51 சரி பண்ணினார் என்று படித்ததும் எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது.

ஒரு சந்தேகம் அண்ணா. அப்பா வரும்போது கொண்டு வந்த மரப்பெட்டி ஒன்று இன்னும் வீட்டில் இருக்கு. பாஸ்போர்ட்டு, அட்டை, நகை எல்லாம் அதில்தான் வந்தது. வெளியே கரும்பழுப்பு, மூடிக்குள் மட்டும் கொஞ்சம் தேன் நிறம். என்ன மரமாக இருக்கும்?

---

காங்கயம் பட்டறை
திங்கள், இரவு 8:50

அக்கா, நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் பலாவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பலா அறுத்த புதுசில் மஞ்சள், வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பாகும், மூடிக்குள் வெளிச்சம் குறைவாகப் பட்டதால் அங்கே நிறம் அவ்வளவு ஏறாமல் நின்றிருக்கும். பெட்டியின் அடிப்பக்கத்தில், வெளியே தெரியாத இடத்தில், கத்தி முனையால் நகக்கண் அளவுக்குச் சுரண்டிப் பாருங்க. உள்ளே மஞ்சள் தெரிந்தால் பெரும்பாலும் பலாதான். வார்னிஷ் மட்டும் அடித்துவிடாதீங்க. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கூட வேண்டாம், காய்ந்த துணியால் துடைத்தால் போதும்.

---

ஓய்வு பெற்ற ஐடிஐ வாத்தியார், கோவை
செவ்வாய், காலை 6:30

நல்ல இழை. முப்பது வருசம் தச்சுப் பிரிவில் பாடம் எடுத்தவன் என்ற முறையில் சில விஷயம் சேர்க்கிறேன்.

முதலில் ஈரம். காங்கயத்திலும் தாராபுரத்திலும் காற்று வறண்டது, அங்கே பழகின கை மலையில் போய் அதே இடைவெளி விட்டால் கதவு திறக்காது. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையவே அசையாது, அகலவாக்கில்தான் விரியும் சுருங்கும். ஒன்றே கால் அடி அகலத் தனிப்பலகை மழைக்காலத்தில் இரண்டு நூல் (கால் அங்குலம்) வரை விரியக் கண்டிருக்கிறேன். அதனால்தான் பழைய ஆட்கள் சட்டம் கட்டி நடுவில் பலகையை ஒட்டாமல் சொருகி விட்டார்கள், அது உள்ளேயே விரியட்டும் என்று.

அடுத்தது உயரம். எந்தப் பள்ளிக்குப் போனாலும் எல்லா வகுப்புக்கும் ஒரே உயரத்தில் பெஞ்சு போட்டு வைத்திருப்பார்கள், சின்னப் பிள்ளைக்குக் கால் தொங்கும், தொடை மரக்கும், அப்புறம் பெஞ்சை ஆட்டாமல் என்ன செய்யும்? ஐரோப்பாவில் பள்ளி மேசை நாற்காலிக்கு ஈஎன் 1729 என்று ஒரு தர அளவு இருக்கிறது. அதன்படி 119 முதல் 142 செ.மீ. உயரமுள்ள பிள்ளைக்கு இருக்கை 35 செ.மீ., மேசை 59 செ.மீ. அதற்கு அடுத்த அளவுக்கு, 133 முதல் 159 செ.மீ. வரை, இருக்கை 38, மேசை 64. நம்ம கணக்கில் சொன்னால் மூணாவது நாலாவது படிக்கிற பிள்ளைக்கு இருக்கை 14 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. நான் பார்த்த பள்ளிகளில் 18 அங்குலத்துக்குக் குறைந்து பெஞ்சே இல்லை.

மூணாவது தூசி. மரத்தூசியை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995லேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் வகையில் சேர்த்துவிட்டது. உப்புத்தாள் போடும்போது முகமூடி இல்லாமல் பிள்ளைகளைப் பக்கத்தில் விடவே கூடாது. இழைப்புளிச் சீவலில் அந்த ஆபத்து குறைவு, கை வேலைக்கு இப்படியும் ஒரு பலன்.

---

காங்கயம் பட்டறை
செவ்வாய், இரவு 9:10

வாத்தியார் ஐயா சொன்ன கதவு விஷயம் எனக்கே நடந்தது. ஆபீஸ் அறைக்கு ஒரு அலமாரி செய்தேன், நான் புதுசாகச் செய்த நாலில் அது ஒன்று. நம்ம ஊர்ப் பழக்கத்தில் அரை நூல் இடைவெளி விட்டு இறுக்கமாகக் கதவு போட்டேன், பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஜூனில் அங்கே தென்மேற்கு மழை பிடித்துக் கொண்டு விடவே இல்லை. ஒன்பதாம் நாள் காலையில் கதவு திறக்கவில்லை, உள்ளே பிள்ளைகளின் தவணைப் பரீட்சைத் தாள். ஆசிரியர்கள் வாசலில் காத்து நிற்க, நான் கீலைக் கழற்றி எடுத்து அரை மணி நேரம் இழைத்தேன். இழைப்புளியை எடுத்துக் கொடுத்ததே பாஸ்தான். முன்னமே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு நெனச்சேன்" என்றார். அன்றைக்கு அவரிடம் கேட்டுக் கொண்டேன், எனக்குச் சங்கடமானாலும் பரவாயில்லை, வாய் விட்டுச் சொல்லுங்க என்று. அதுக்கு அப்புறம்தான் எங்களுக்குள் வேலை ஓடியது.

இன்னொரு சமாச்சாரம். ஆடுகிற மேசைக்கு உடனே காலை அறுக்காதீங்க. நான் ஒன்றை அறுத்துவிட்டு அப்புறம்தான் பார்த்தேன், மேசை சரியாகத்தான் இருந்திருக்கிறது, சிமெண்டுத் தரைதான் மேடும் பள்ளமும். இடம் மாற்றினால் அது வேறு பக்கம் ஆடியது. மட்டமான பலகை ஒன்றின் மேல் தூக்கி வைத்துப் பார்த்துவிட்டு அறுக்கணும்.

மரம் விஷயத்திலும் ஏமாறாதீங்க. சபுக்கு மரம் இருக்கு என்றார்கள், நான் நம்ம சவுக்கு என்று நினைத்துக் கொண்டேன். போய்ப் பார்த்தால் தேயிலைக்கு நிழலுக்கு வைக்கிற சில்வர் ஓக். வால்பாறையிலும் நீலகிரியிலும் பார்க்கிற அதே மரம், பேர்தான் சிங்களத்தில் அப்படி. யூகலிப்டஸ் நிறையக் கிடைக்கும், ஆனால் அறுத்ததும் முனை வெடிக்கும், காயும்போது முறுக்கிக் கொள்ளும், அவசரத்துக்கு ஆகாது. சொந்தத் தோட்டத்து மரமாக இருந்தாலும் லாரியில் ஏற்ற அனுமதிச் சீட்டு தேவைப்படலாம், அதையெல்லாம் பள்ளிக்காரர்களிடம் விட்டுவிடுங்க.

---

மலையகத்து டீச்சர்
புதன், இரவு 10:25

வணக்கம். என்னுடைய அக்கா முறையான ஒருவர் கோயம்புத்தூரில் இருக்கிறார், அவர் அனுப்பித்தான் இதைப் படித்தேன். நான் வேறொரு தோட்டப் பாடசாலையில் பதினொரு வருடமாகப் படிப்பிக்கிறேன். உங்களுடைய பாடசாலை எது என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

உதவி செய்ய வருகிறவர்களை நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் சிலதைச் சொல்ல வேண்டும். இரண்டு கிழமைக்கு (வாரத்துக்கு) வருவார்கள், சுவருக்குப் பெயிண்ட் அடிப்பார்கள், பிள்ளைகளைத் தூக்கி வைத்துப் படம் எடுப்பார்கள், போய் விடுவார்கள். பிறகு ஒரு மாதம் வரைக்கும் சின்னப் பிள்ளைகள் 'அந்த அங்கிள் எப்ப வருவாரு' என்று கேட்டுக் கொண்டே இருப்பார்கள். அந்தப் படங்களில் எங்கள் பிள்ளைகளைப் பாவம் மாதிரிக் காட்டுவார்கள். எங்கள் பிள்ளைகள் தரம் ஐந்து புலமைப்பரிசில் (ஸ்காலர்ஷிப்) பரீட்சை எழுதுகிறார்கள், சாதாரண தரம், உயர்தரப் பரீட்சைகள் எழுதுகிறார்கள், பல்கலைக்கழகம் போகிறார்கள். அப்பா அம்மா கொழுந்து பறித்துப் படிக்க வைக்கிறார்கள். பாவம் பார்க்க வராதீர்கள், வேலை பார்க்க வாருங்கள்.

நடைமுறையில் இரண்டு விடயம். அரசாங்கப் பாடசாலை என்றால் அதிபர் சொன்னால் மட்டும் போதாது, வலயக் கல்விப் பணிமனையில் எழுத்தில் அனுமதி எடுக்க வேண்டும். அடுத்தது, பழைய கட்டடங்களில் கூரை அஸ்பெஸ்டாஸ் தகடு. அதைத் துளைக்கவோ அறுக்கவோ வேண்டாம். போன தவணையில் ஒருவர் ஆர்வத்தில் கூரைக்குப் பக்கத்தில் டிரில் போட்டுவிட்டார், வகுப்பு முழுக்கத் தூள். இரண்டு நாள் அந்த வகுப்பை மூடி வைத்தோம்.

பாஸுக்குக் கூலி கொடுத்ததாக எழுதியதைப் படித்து உண்மையில் சந்தோசப்பட்டேன்.

---

பெருந்துறைப் பொண்ணு
வியாழன், மாலை 4:40

அண்ணா, டீச்சர் அக்கா, எல்லாருக்கும் வணக்கம். நான் கட்டட வடிவமைப்புக் கடைசி வருசம் படிக்கிறேன். முடித்ததும் மூணு மாசம் இப்படி ஒரு பள்ளிக்குப் போகணும்னு ரொம்ப நாளா ஆசை. வீட்டில் அப்பா 'உனக்கு உளி பிடிக்கவே தெரியாது, நீ போய் என்ன பண்ணப் போற' என்கிறார். அவர் சொல்வது உண்மைதான், எனக்கு கம்ப்யூட்டரில் வரையத் தெரியும், கையால் செய்யத் தெரியாது. பெண் பிள்ளை தச்சு வேலைக்குப் போனால் அங்கே ஏற்றுக் கொள்வார்களா? விசா எப்படி எடுக்கணும்? பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லிக் கொடுத்தீங்களா, இல்லை ரிப்பேர் மட்டும்தானா?

---

ஹெல்சிங்கியில் ஈரோட்டுக்காரன்
வியாழன், இரவு 11:50

பெண் பிள்ளை என்று கேட்டதால் எழுதுகிறேன். இங்கே பின்லாந்தில் கைவேலை பள்ளிப் பாடம், ஏழாம் வகுப்பு வரை எல்லாருக்கும் கட்டாயம். பையனும் ஊசி நூல் பிடிக்கணும், பொண்ணும் ரம்பம் பிடிக்கணும். என் பொண்ணு மூணாவது படிக்கிறாள், போன வாரம் வெண்ணெய் தடவுகிற மரக் கத்தி ஒன்று தானே செதுக்கிக் கொண்டு வந்தாள், இப்போது தினமும் காலையில் அதில்தான் தடவுகிறோம். ஊனோ சிக்னேயஸ் என்கிறவர் சொல்லி 1866லேயே இதைப் பள்ளிச் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். பக்கத்து நாடான ஸ்வீடனில் ஓட்டோ சலோமோன், நேஸ் என்ற இடத்தில் வாத்தியார்களுக்கே இதைக் கற்றுக் கொடுக்கப் பள்ளி நடத்தினார். முதலில் கத்தி மட்டும், அதுவும் சின்னப் பொருள், அப்புறம்தான் ரம்பம், இழைப்புளி என்று லேசில் இருந்து கஷ்டத்துக்குப் போகிற வரிசை அவருடையது.

நம்ம பக்கத்துக்கும் இது புதுசு இல்லை. 1937ல் வார்தாவில் காந்தி ஆதாரக் கல்வி என்று சொன்னதும் கைத்தொழில் வழியாகப் படிப்பு என்பதுதான். 1930ல் அவினாசிலிங்கம் ஆரம்பித்த பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்தில் அந்த வழியில் பாடம் நடந்தது. எங்க அப்பா தலைமுறை பள்ளியில் தக்ளியில் நூல் நூற்றவர்கள். நடுவில் எங்கே விட்டோம் என்று தெரியவில்லை.

---

காங்கயம் பட்டறை
வெள்ளி, இரவு 9:30

கண்ணு, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

விசா: சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யாதே. சம்பளம் வாங்காவிட்டாலும் வேலை வேலைதான். பள்ளியிலிருந்து கடிதம், டீச்சர் சொன்ன மாதிரி வலயப் பணிமனை அனுமதி, இரண்டும் கைக்கு வந்த பிறகு அதுக்குண்டான விசாவுக்கு விண்ணப்பம் போடு. பாஸ்போர்ட் ஆபீசில் போலீஸ் நன்னடத்தைச் சான்று தருவார்கள், யாரும் கேட்காவிட்டாலும் எடுத்துக் கொண்டு போ. பிள்ளைகள் இருக்கிற இடத்துக்குப் போகிற அந்நியர் நாம், அவர்கள் நம்மை நம்ப ஒரு காகிதம் வேண்டும். நான் எப்போதும் ஒரு ஆசிரியர் கூட இருந்தால்தான் பிள்ளைகளை வேலை செய்கிற அறைக்குள் விட்டேன், படமும் எடுக்கவில்லை. டெட்டனஸ் ஊசி போட்டுக்கோ. உளி, ரம்பம் எல்லாம் விமானத்தில் கையோடு கொண்டு போக விட மாட்டார்கள், பெரிய பெட்டிக்குள் முனைக்குத் துணி சுற்றிப் போடணும்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது: தீட்டுவது. வேறு ஒன்றுமே பெரிசாக இல்லை. போன முதல் வாரத்தில் பார்த்தேன், பள்ளியில் ஆறு உளி இருந்தது, ஆறும் மொட்டை. பாஸ் தன்னுடையதைத் தினமும் வீட்டுக்குக் கொண்டு போய்விடுவார், சரிதான், அவர் பிழைப்பு அது. நான் ஒரு தடித்த கண்ணாடித் துண்டு வாங்கி, அதன் மேல் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டு ஒட்டினேன், 400, அப்புறம் 800, அப்புறம் 1200. சாணைக்கல் இல்லாத இடத்தில் இதுவே போதும். உளியின் முதுகை முதலில் கண்ணாடி மாதிரி மட்டமாக்கணும், அதில்தான் எல்லாரும் பொறுமை இழப்பார்கள். பிறகு வாய்ப்பக்கம் 25, 30 பாகைக்குள் சாய்த்துப் பிடித்து ஒரே சாய்வில் இழுக்கணும்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேர் சனிக்கிழமை வருவார்கள், அதில் நாலு பேர் பெண் பிள்ளைகள். ஒரு பொண்ணு, கொழுந்து பறிக்கிற அம்மாவுக்கு வீட்டில் தினமும் கவ்வாத்துக் கத்தி தீட்டிக் கொடுத்துப் பழகினவள், மூணாவது சனிக்கிழமையே எனக்குச் சமமாகத் தீட்டினாள். முனையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பாள். மொட்டை முனை என்றால் அதில் மெல்லிசாக வெள்ளைக் கோடு மின்னும், தீட்டின முனையில் வெளிச்சம் நிற்காது. நான் அவளுக்கு அதைச் சொல்லித் தரவில்லை, அவளுக்கே தெரிந்திருந்தது. பிறகு யூகலிப்டஸ் துண்டின் வெட்டு முகத்தில் உளியை வைத்துத் தள்ளினாள், சீவல் பொடியாகாமல் சுருண்டு வந்தது. பாஸ் பக்கத்தில் வந்து அந்தச் சீவலை எடுத்துப் பார்த்துவிட்டு, தன் உளியைத் துணியில் இருந்து பிரித்து அவள் கையில் கொடுத்தார், இதையும் தீட்டித் தா என்று. ஏழு வாரத்தில் அவர் யாரையும் அதைத் தொட விட்டு நான் பார்த்ததில்லை.

அதனால் பெண் பிள்ளையை ஏற்பார்களா என்பதற்குப் பதில் அந்தப் பொண்ணுதான். அப்பா சொன்னதும் சரிதான். உளி பிடிக்கத் தெரியாமல் போனால் நீ அங்கே ஒருத்தருக்கு வேலை வைப்பாய். போகிறதுக்கு முன்னால் ஆறு மாசம் இங்கே ஏதாவது ஒரு பட்டறையில் உட்காரு. நீ வரையத் தெரிந்தவள், அளவில் நீ எனக்குச் சொல்லித் தரலாம். வாத்தியார் ஐயா சொன்ன அந்த 35, 59 கணக்கு எனக்கு முன்னமே தெரிந்திருந்தால் அந்த 51 உருப்படியில் பாதியை மூட்டுப் போடும்போதே இரண்டு அங்குலம் காலைக் குறைத்திருப்பேன், அது எனக்கு இன்னும் உறுத்தலாக இருக்கிறது.

---

கோத்தகிரி அக்கா
சனி, காலை 8:15

அண்ணா, பெட்டியின் அடியில் சுரண்டிப் பார்த்தேன். மஞ்சள். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், 'எங்க லயத்துக்குப் பின்னால நின்ன பலாவாத்தான் இருக்கும்' என்று சொல்லிவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து கொண்டது.

---

நொய்யல்கரை
சனி, காலை 10:40

அண்ணா, தாளவாடி மலையில் ஒரு பள்ளியில் பேசினேன். இருபதுக்கு மேல் ஒடிந்த பெஞ்சு இருக்காம், ஏலம் விடுவதற்கு ஒதுக்கி வைத்திருக்கிறார்களாம். ஏலத்தை நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன். கீழே சத்தியமங்கலத்தில் தச்சர் ஒருத்தர் இருக்கார், அவர் கூலியை நாங்க நாலு பேரும் பார்த்துக் கொள்கிறோம். இந்த வருசம் பிளாஸ்டிக் சேர் வாங்கவில்லை. நீங்க எப்போ வர்றீங்க?

---

பெருந்துறைப் பொண்ணு
சனி, மதியம் 12:05

அண்ணா, தாளவாடிக்கு நானும் வரலாமா? அதுக்கு முன்னால் உங்க பட்டறைக்கு வந்து தீட்டக் கத்துக்கறேன், அப்பாவே கூட்டிட்டு வர்றேன்னு சொல்லிட்டார்.

---

காங்கயம் பட்டறை
சனி, இரவு 7:20

நொய்யல்கரை தம்பி, மாசக் கடைசி வாரம் வருகிறேன். பெஞ்சு எல்லாவற்றையும் கவிழ்த்துப் போட்டு மூட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்க, அந்தத் தச்சரையும் ஒரு வார்த்தை என்னோடு பேசச் சொல்லுங்க, அவர் என்ன மரம் வேண்டும் என்கிறாரோ அதைக் கொண்டு வருகிறேன்.

கண்ணு, நாளைக்குக் காலையில் ஒன்பது மணிக்கு மேல் வாங்க. பழைய உளி நாலு எடுத்து வைத்திருக்கிறேன். கல்லை எட்டு மணிக்கே தண்ணீரில் போட்டு வைக்கிறேன்.